எம்கேடிர் தோற்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

"டைரக்டரி உருவாக மாட்டேன் என்கிறது" என்று யாராவது கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சூடோ போட்டு ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) ஓட்டிப் பாருங்கள், இல்லையென்றால் மேல் டைரக்டரிக்கு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுங்கள். இரண்டும் சில நேரம் வேலை செய்துவிடும், ஆபத்தே அதுதான். உண்மையான காரணம் அப்படியே இருக்கும், கூடவே ரூட்டுக்குச் சொந்தமான ஒரு டைரக்டரியும் யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய இன்னொன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கும். ஏன் முடியவில்லை என்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணாகச் சொல்லிவிடுகிறது. அந்த எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் ஊகிக்க வேண்டிய தேவை பெரிதாக இருக்காது.

எம்கேடிர் என்பது டைரக்டரி உருவாக்கச் சொல்லி நிரல் கெர்னலிடம் கேட்கும் சிஸ்டம் கால். அது வாங்கிக்கொள்வது இரண்டே விஷயம்: பாதை, அனுமதி எண். சரியாக முடிந்தால் 0 திரும்பும், தோற்றால் -1 திரும்பும், காரணம் எர்நோ என்ற பிழை எண் மாறியில் இருக்கும். கீழே நான் சொல்லும் எண்கள் லினக்ஸுடையவை. 2, 13, 17, 20, 28, 30 போன்ற சின்ன எண்கள் மேக்கிலும் அதேதான். 36, 40, 122 ஆகியவை அங்கே வேறு.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

உங்கள் நிரல் பிழையை விழுங்கிவிட்டு "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று மட்டும் சொல்கிறதென்றால், நிரல் கூப்பிடும் சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை எடுங்கள். '-எஃப்' கொடுத்தால் அந்த நிரல் கிளப்பும் துணை புராசஸ்களையும் பின்தொடரும். எம்கேடிர், அதன் இன்னொரு வடிவமான எம்கேடிர்அட் இரண்டையும் சேர்த்தே கவனிக்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் எம்கேடிரை மட்டும் தேடிவிட்டு "எதுவுமே வரவில்லையே" என்று குழம்புவார்கள். 64-பிட் ஆர்ம் லினக்ஸில் எம்கேடிர் என்ற தனி சிஸ்டம் காலே கிடையாது, எம்கேடிர்அட் மட்டும்தான். சி நூலகம் அதைக் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. எக்ஸ்86-64 இல் இரண்டும் உண்டு, எம்கேடிர் 83, எம்கேடிர்அட் 258.

ஸ்ட்ரேஸ் காட்டும் வரியில் பிழை எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பாதையைப் படியுங்கள். நீங்கள் நினைத்த பாதையும் கெர்னலுக்குப் போன பாதையும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

பிழைச் செய்தி சம்பந்தமே இல்லாமல் வருகிறது, அல்லது "சக்சஸ்" என்கிறது

இது சி நிரல்களில் வரும். எம்கேடிர் தோற்றதும் எர்நோவை எடுத்து வைக்காமல், நடுவில் ஒரு லாக் வரி எழுதி, இன்னொரு ஃபைலை மூடி, அதற்கப்புறம் செய்தியை அச்சிட்டால் அதற்குள் வேறு ஏதாவது கால் எர்நோவை மாற்றியிருக்கும். தோற்ற அடுத்த வரியிலேயே ஒரு மாறியில் சேமித்துவிடுங்கள்.

இன்னொரு வகை: "டைரக்டரி உருவானது" என்று நிரல் சொல்கிறது, போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை, உண்மையிலேயே உருவானபோது தோல்வி என்கிறது. இஃப் நிபந்தனைக்குள் எம்கேடிரை நேரடியாகப் போட்டு, உள்ளே வெற்றிக்கான வேலையை எழுதியிருப்பார்கள். 0 தான் வெற்றி, சி-யில் 0 என்பது பொய். திருப்பித் தரும் மதிப்பை 0 உடனோ -1 உடனோ வெளிப்படையாக ஒப்பிடுங்கள்.

"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" — ஈநோஎன்ட், 2

"இல்லாத டைரக்டரியைத்தானே உருவாக்கப் போகிறேன், இல்லை என்று ஏன் சொல்கிறது?" என்ற கேள்வி இங்கே வரும். இல்லாதது உங்கள் புது டைரக்டரி அல்ல, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்று. எம்கேடிர் ஒரே ஒரு படிதான் உருவாக்கும், நடுவில் விடுபட்டதை நிரப்பாது. ஷெல்லில் 'எம்கேடிர் -பி' (-p) கொடுக்கும்போது அந்தக் கட்டளைதான் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகச் சிஸ்டம் காலைக் கூப்பிடுகிறது. பைத்தானின் மேக்டிர்ஸ், கோ மொழியின் எம்கேடிர்ஆல், நோடில் 'ரிகர்சிவ்' என்ற தேர்வு எல்லாம் இதையேதான் செய்கின்றன.

மேல் டைரக்டரி இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனாலும் 2 வருகிறது என்றால் பாதை எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். சாய்கோட்டில் தொடங்காத பாதை, புராசஸ் இப்போது நிற்கும் டைரக்டரியிலிருந்துதான் அளக்கப்படும். டெர்மினலில் ஓடும் நிரல், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கிரானில் தோற்பதற்கு இது முதன்மையான காரணம். கிரான் வேலை பயனரின் ஹோம் டைரக்டரியில் தொடங்கும், லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸ், வேறு எதுவும் சொல்லாவிட்டால் '/' இல் தொடங்கும். அப்புறம், நீங்கள் நின்றுகொண்டிருக்கும் டைரக்டரியை வேறு யாரோ அழித்துவிட்டால், ப்ராம்ப்ட் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருக்கும், எம்கேடிர் மட்டும் 2 என்று சொல்லும். வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்து பாருங்கள்.

அலைக்குறியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். '~' என்பதை ஹோம் டைரக்டரியாக விரிப்பது ஷெல், கெர்னலுக்கு அது வெறும் ஒரு எழுத்து. கான்ஃபிக் ஃபைலில் '~/டேட்டா' என்று எழுதி அதை நிரல் அப்படியே எம்கேடிருக்குக் கொடுத்தால், '~' என்ற பெயரில் டைரக்டரி இல்லை என்பதால் 2 வரும். படிப்படியாக உருவாக்கும் வகையைக் கூப்பிட்டிருந்தால் நிலைமை இதைவிட மோசம்: நிற்கிற இடத்தில் '~' என்ற பெயரிலேயே ஒரு டைரக்டரி முளைத்துவிடும். அதை அழிக்கப் போய் 'ஆர்எம் -ஆர்எஃப் ~' என்று மட்டும் அடித்துவிடாதீர்கள், ஷெல் அதை விரித்து உங்கள் ஹோம் முழுவதையும் அழித்துவிடும். முன்னால் './' சேர்த்து, மேற்கோள் குறிக்குள் வைத்து, 'ஆர்எம்டிர்' கொண்டு அழியுங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் அது மறுத்துவிடும், அது நல்லதுதான்.

வெற்றுச் சரம் கொடுத்தாலும் இதே 2 தான். சூழல் மாறி அமைக்கப்படாமல் பாதை காலியாகப் போகும்போது இது வரும். பாதையின் நடுவில் உள்ள ஒரு சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் இணைப்பு) இல்லாத இடத்தைச் சுட்டினாலும் இதே எண்.

"ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" — ஈஎக்ஸிஸ்ட், 17

அந்தப் பெயரில் ஏதோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பது மட்டும்தான் இதன் பொருள். அது டைரக்டரிதான் என்று கெர்னல் சொல்லவில்லை. சாதாரண ஃபைலாக இருக்கலாம், எங்கும் போகாத உடைந்த சிம்லிங்காகவும் இருக்கலாம். 17 வந்ததும் "சரி, இருக்கிறது" என்று கண்ணை மூடிக்கொண்டு மேலே போகும் நிரல், அடுத்த வரியில் உள்ளே ஃபைல் திறக்கும்போது 20 (இது டைரக்டரி அல்ல) அல்லது 2 வாங்கி விழும், அப்போது தேடல் தப்பான இடத்தில் தொடங்கும்.

உடைந்த சிம்லிங்கில் ஒரு விசித்திரம் உண்டு. "இருக்கிறதா" என்று பைத்தானின் எக்ஸிஸ்ட்ஸ் சோதனையிடம் கேட்டால், அது லிங்கைப் பின்தொடர்ந்து போய் இல்லை என்று சொல்லும். எம்கேடிர் லிங்கைப் பின்தொடராமல் பெயரை மட்டும் பார்த்து இருக்கிறது என்று சொல்லும். இரண்டு பதிலும் சரிதான். 'எல்எஸ் -எல்' போட்டுப் பார்த்தால் அம்புக்குறி தெரிந்துவிடும்.

நிரல் எப்போதோ ஒருமுறை மட்டும் 17 கொடுக்கிறது, மறுபடி ஓட்டினால் வருவதில்லை என்றால் அது போட்டி நிலைமை. முதலில் "இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றால் உருவாக்கு என்று எழுதியிருப்பீர்கள். கேட்ட நொடிக்கும் உருவாக்கும் நொடிக்கும் நடுவில் இன்னொரு புராசஸ் அதே டைரக்டரியை உருவாக்கிவிட்டது. இதற்குப் பூட்டு எதுவும் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். கேட்காமல் நேராக உருவாக்குங்கள். தோற்றால் ஸ்டாட் காலால் அந்தப் பாதையின் விவரத்தை எடுத்து டைரக்டரிதானா என்று பாருங்கள், ஆம் என்றால் உங்கள் வேலை முடிந்தது, இல்லையென்றால் முதலில் கிடைத்த பிழையை அப்படியே மேலே அனுப்புங்கள். இந்தச் சோதனையை 17 க்கு மட்டும் என்று கட்டிவிட வேண்டாம், ஏனென்றால் எல்லா இயங்குதளமும் "ஏற்கெனவே இருக்கிறது" என்பதை முதலில் சொல்லும் என்று இல்லை. டைரக்டரி இருந்தாலும் சில இடங்களில் அனுமதிப் பிழையோ படிக்க மட்டும் என்ற பிழையோ முந்திக்கொண்டு வரும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எம்கேடிர் கூப்பிட்டால் ஒருவருக்குத்தான் 0 கிடைக்கும், மற்றவருக்கு 17. இந்த உறுதி இருப்பதால்தான் ஷெல் ஸ்கிரிப்டுகளில் டைரக்டரியையே பூட்டாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே '-பி' போட்டால் பூட்டு வேலை செய்யாது, ஏற்கெனவே இருந்தாலும் அது வெற்றி என்றே சொல்லும்.

கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும் பெயருக்கு 17 வந்தால் ஃபைல் சிஸ்டத்தைப் பாருங்கள். விண்டோஸிலும், வழக்கமான அமைப்பில் உள்ள மேக்கிலும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். இதற்கு நேர் எதிரானது தமிழ்ப் பெயர்களில் வரும்: ஒரே பெயரில் இரண்டு டைரக்டரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் எனத் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் கெர்னல் பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கிறது, அதனால் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தின் வழக்கமான அமைப்பில் இவை இரண்டு தனிப் பெயர்கள். மேக்கில் இரண்டும் ஒன்றே. பயனர் தட்டச்சு செய்யும் பெயர்களை வைத்து டைரக்டரி உருவாக்கும் நிரல் என்றால், உருவாக்கும் முன்னால் யூனிகோடு இயல்பாக்கம் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

"பெர்மிஷன் டினைடு" — ஈஆக்ஸஸ், 13

புது டைரக்டரி உருவாக்க, அதற்கு நேர் மேலே உள்ள டைரக்டரியில் எழுதும் அனுமதியும் நுழையும் அனுமதியும் வேண்டும். எழுதும் அனுமதி மட்டும் இருந்து நுழையும் அனுமதி இல்லையென்றால் முடியாது. அதற்கும் மேலே இருக்கும் ஒவ்வொரு படியிலும் நுழையும் அனுமதி வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று படி மேலே யாரோ ஒரு டைரக்டரியை 700 ஆக, அதாவது உரிமையாளருக்கு மட்டும் என்று மாற்றியிருந்தால், நீங்கள் கடைசிப் படிக்கு 777 கொடுத்து என்ன பயன்? 'நேம்ஐ -எல்' என்ற கட்டளைக்கு முழுப் பாதையையும் கொடுங்கள், வேரிலிருந்து ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். அதை உங்கள் பெயரில் பார்க்காமல், நிரல் எந்தப் பயனராக ஓடுகிறதோ அந்தப் பயனராக மாறிப் பாருங்கள்.

அனுமதி எல்லாம் சரி, இன்னும் 13 என்றால், இந்த வரிசையில் போங்கள். குழுவில் இப்போதுதான் சேர்த்தீர்களா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்கும் சர்வீஸுக்கும் புதுக் குழு தெரியாது, வெளியேறி மறுபடி நுழைய வேண்டும், சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அடுத்து, வழக்கமான அனுமதிக்கு மேல் கூடுதல் பாதுகாப்பு விதிகளைப் போடும் எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர். இவை மறுத்தாலும் கெர்னல் 13 தான் தரும், எல்எஸ் வெளியீட்டில் ஒன்றும் தெரியாது. ஆடிட் லாகில் ஏவிசி மறுப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் லேபிளைச் சரிசெய்யுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்து வைப்பது தீர்வு ஆகாது.

ரூட்டாக ஓட்டியும் 13 வருகிறது, அந்த இடம் என்எஃப்எஸ் (வலையமைப்பு வழி ஃபைல் பகிர்வு) மவுன்ட் என்றால் காரணம் அநேகமாக ரூட் ஸ்குவாஷ். சர்வர் உங்கள் ரூட்டை நம்பாமல் அடையாளமற்ற பயனராக மாற்றிவிடுகிறது. சாதாரணப் பயனராகச் செய்தால் போய்விடும்.

டாக்கர் போன்ற கருவிகள் நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் 13 வந்தால் எண்களைப் பாருங்கள், பெயர்களை நம்பாதீர்கள். வெளியே உள்ள டைரக்டரியை உள்ளே இணைக்கும்போது ஒத்துப்போக வேண்டியது பயனர் எண். உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் இருந்தாலும் எண் வேறாக இருக்கலாம். டாக்கரில் '-வி' கொடுத்து, வெளியே இல்லாத ஒரு பாதையை இணைத்தால் டாக்கரே அந்த டைரக்டரியை ரூட்டின் பெயரில் உருவாக்கிவிடும், உள்ளே சாதாரணப் பயனராக ஓடும் நிரல் அதில் எழுத முடியாமல் நிற்கும். கன்டெய்னரைக் கிளப்பும் முன்னால் டைரக்டரியைச் சரியான உரிமையாளருடன் நீங்களே உருவாக்கிவிடுங்கள். '--மவுன்ட்' வடிவத்தைப் பயன்படுத்தினால், இல்லாத பாதைக்கு அது பிழை சொல்லிவிடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் தப்பு தொடங்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது.

"ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" — ஈபெர்ம், 1

கேட்க 13 போலத்தான் இருக்கும், ஆனால் இது வேறு. 13 என்றால் அனுமதி போதவில்லை; 1 என்றால் இங்கே இந்த வேலையே நடக்காது. லினக்ஸில் முதலில் 'எல்எஸ்ஏடிடிஆர் -டி' (-d) போட்டு, மேல் டைரக்டரியில் மாற்றமுடியாத குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் ரூட்டாலும் முடியாது, குறியை எடுத்தால்தான் நடக்கும். யாரோ காரணத்தோடு வைத்திருப்பார்கள், எடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். சிஸ்எஃப்எஸ் போன்ற, கெர்னலே நடத்தும் போலி ஃபைல் சிஸ்டங்களிலும் 1 வரும். புராசஸ்களின் வள வரம்புகளை நடத்தும் சிகுரூப் ஒரு விதிவிலக்கு: அங்கே எம்கேடிர் செய்தால் புதிய கட்டுப்பாட்டுக் குழு ஒன்று உருவாகி, தேவையான ஃபைல்கள் எல்லாம் உள்ளே தானாக வந்து நிற்கும்.

மேக்கில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற இடங்களில் 1 வந்தால் சிஸ்டம் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், உங்கள் டெர்மினலுக்கு அந்த இடத்தை அணுக அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

"ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" — ஈரோஎஃப்எஸ், 30

நேற்று வரை எழுத முடிந்த வட்டு இன்று 30 சொன்னால் உடனே எழுதும் நிலைக்கு மறுமவுன்ட் செய்யாதீர்கள். எக்ஸ்ட்4 தன்னுள் பிழையைக் கண்டால், மேலும் சேதம் ஆகாமல் இருக்கத் தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) வெளியீட்டைப் படியுங்கள், வட்டுப் பிழைகள் தெரிந்தால் முதல் வேலை காப்புப் பிரதி, அப்புறம்தான் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே.

ஷெல்லில் எழுத முடிகிறது, அதே பாதையில் சர்வீஸ் மட்டும் 30 வாங்குகிறது என்றால் சிஸ்டம்டி யூனிட் ஃபைலைத் திறந்து பாருங்கள். 'புரொடெக்ட்சிஸ்டம்' என்ற அமைப்பு 'ஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் அந்தச் சர்வீஸுக்கு ஏறக்குறைய முழு ஃபைல் சிஸ்டமும் படிக்க மட்டும்தான். அதைத் தளர்த்துவதைவிட, 'ரீட்ரைட்பாத்ஸ்' மூலம் தேவையான இடத்தை மட்டும் திறந்து விடுங்கள், அல்லது 'ஸ்டேட்டைரக்டரி' கொடுத்து டைரக்டரியை சிஸ்டம்டியே சரியான உரிமையாளரோடு உருவாக்க விடுங்கள்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட்" — 28, ஆனால் இடம் இருக்கிறது

'டிஎஃப்' பாதி வட்டு காலி என்கிறது, எம்கேடிர் 28 என்கிறது. 'டிஎஃப் -ஐ' போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு ஐநோட் (அதன் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) வேண்டும். எக்ஸ்ட்4 இல் மொத்த ஐநோட் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடுகிறது, வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று. லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்கள் குவிந்தால் இடம் தீரும் முன் ஐநோட் தீர்ந்துவிடும். எங்கே குவிந்திருக்கிறது என்று 'டியூ --ஐநோட்ஸ்' காட்டும். பழைய செஷன் ஃபைல்கள், அஞ்சல் வரிசை, கேஷ் இவைதான் வழக்கமாக மாட்டும். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் தேவைக்கேற்ப ஐநோட்களை உருவாக்கிக்கொள்ளும்.

ரூட்டால் முடிகிறது, மற்றவர்களால் முடியவில்லை என்றால் அது எக்ஸ்ட்4 ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம். உங்களுக்கு மட்டும் தோற்றால், எண் 122 ஆக இருந்தால், உங்கள் பெயரில் உள்ள கோட்டா நிறைந்துவிட்டது. பெரிய லாக் ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லையா? ஏதோ ஒரு புராசஸ் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது, 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' அதைக் காட்டும்.

அடிக்கடி வராத எண்கள்

20 வந்தால் பாதையின் நடுவில் டைரக்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஃபைல் இருக்கிறது. 40 என்றால் சிம்லிங்குகள் சுற்றிச் சுற்றி வருகின்றன, லினக்ஸ் 40 லிங்க் வரை பின்தொடர்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். 14 என்றால் நீங்கள் கொடுத்த பாயின்டரே தப்பு. 22 பெரும்பாலும் பென் டிரைவில் வரும்: எஃப்ஏடி வகை ஃபைல் சிஸ்டம் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது, '10:30' போல நேரத்தை வைத்துப் பெயர் சூட்டும் காப்புப் பிரதி ஸ்கிரிப்டுகள் அங்கேதான் விழும். 31 இப்போது அபூர்வம். பழைய எக்ஸ்ட்3 இல் ஒரு டைரக்டரிக்குள் 31,998 துணை டைரக்டரிகளுக்கு மேல் முடியாது, எக்ஸ்ட்4 அந்த வரம்பை நீக்கிவிட்டது.

36, பெயர் நீளம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், தமிழில் பெயர் வைப்பவர்களை இது முதலில் தாக்கும். ஒரு பெயருக்கு வரம்பு 255, ஆனால் அது 255 எழுத்து அல்ல, 255 பைட். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 'கு' என்பதில் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6. ஆக 85 குறிகள்தான் கொள்ளும், கண்ணால் எண்ணும் எழுத்துகள் அதைவிடவும் குறைவு. ஒரு கட்டுரைத் தலைப்பை அப்படியே டைரக்டரிப் பெயராக்கினால் எளிதாகத் தாண்டிவிடும். வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டினால் ஒரு குறியின் நடுவில் வெட்டுப்பட்டுப் பெயர் சிதையும். எழுத்து எல்லையில் வெட்டிவிட்டு அப்புறம் பைட்டை எண்ணுங்கள். முழுப் பாதைக்கு லினக்ஸில் வரம்பு 4096 பைட், முடிவில் வரும் சுழியமும் அதில் அடங்கும். மிக ஆழமான மரம் தேவையென்றால் எம்கேடிர்அட் பயன்படுத்தி, திறந்து வைத்த மேல் டைரக்டரியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கலாம்.

டைரக்டரி உருவாகிறது, ஆனால் அனுமதி நான் கொடுத்தது இல்லை

0777 கொடுத்தால் 0755 வருகிறது என்றால் எதுவும் உடையவில்லை, யுமாஸ்க் தன் வேலையைச் செய்திருக்கிறது. 022 என்ற யுமாஸ்க், குழுவுக்கும் மற்றவர்க்கும் உள்ள எழுதும் அனுமதியைக் கழித்துவிடும். ஷெல்லில் ஒன்றும் சர்வீஸில் ஒன்றுமாக வந்தால் இரண்டின் யுமாஸ்க் வேறு. யுமாஸ்கை நிரலுக்குள் தற்காலிகமாக 0 ஆக்கிவிட்டுத் திரும்ப வைக்கும் பழக்கம் பல த்ரெட்கள் ஓடும் நிரலில் ஆபத்து, ஏனென்றால் அது முழுப் புராசஸுக்கும் பொது. அந்த இடைவெளியில் வேறு த்ரெட் உருவாக்கும் ஃபைல் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். குறிப்பிட்ட அனுமதி கட்டாயம் வேண்டுமென்றால் குறைவாகக் கொடுத்து, அதாவது 0700 இல் உருவாக்கி, பின்பு சிஎச்மாட் மூலம் கூட்டுங்கள். அதிகமாகக் கொடுத்துவிட்டுக் குறைப்பது தலைகீழ். நடுவில் யாராவது உள்ளே நுழைந்துவிடலாம்.

இனி, அனுமதி முற்றிலும் அபத்தமாக இருக்கிறது என்றால்: டைரக்டரி உருவாகிறது, உள்ளே ஃபைல் உருவாக்க உங்களுக்கே அனுமதி இல்லை. முன்னால் சுழியம் போட்டீர்களா? சி-யில் 777 என்று மட்டும் எழுதினால் அது பத்தடிமான எண், எட்டடிமானத்தில் 1411. உரிமையாளருக்குப் படிக்கும் உரிமை மட்டும், கூடவே ஒட்டும் பிட். 755 என்று எழுதினால் 1363, யுமாஸ்க் 022 கழித்து 1341. உரிமையாளர் உள்ளே எழுதலாம், நுழையலாம், ஆனால் பட்டியலிட முடியாது. எல்எஸ் வெளியீட்டில் கடைசி எழுத்து வழக்கத்துக்கு மாறாக 'டி' (t) என்று தெரிந்தால் முதல் சந்தேகம் இதுதான். பைத்தான் 3 இல் சுழியத்தோடு ஓ எழுத்தும் சேர்த்து எழுத வேண்டும்.

பைத்தான் மேக்டிர்ஸில் இன்னொரு விஷயம்: 3.7 முதல், கொடுக்கும் அனுமதி கடைசி டைரக்டரிக்கு மட்டும்தான், நடுவில் உருவாகும் படிகளுக்கு வழக்கமான மதிப்பே. ஷெல்லில் '-பி' உடன் '-எம்' கொடுத்தாலும் அப்படியே. ரகசியம் காக்க வேண்டிய பாதை என்றால் ஒவ்வொரு படியையும் தனியாக உருவாக்குங்கள்.

2775 கொடுத்தும் குழு மரபுப் பிட் (உள்ளே உருவாகுபவற்றுக்கு அதே குழுவைத் தருவது) வரவில்லை என்றால், லினக்ஸில் எம்கேடிர் அந்தப் பிட்டை உங்களிடமிருந்து ஏற்பதில்லை. மேல் டைரக்டரியில் அது இருந்தால் புதியதுக்கும் தானாக வரும், இல்லையென்றால் சிஎச்மாட் தான் வழி. மேல் டைரக்டரியில் இயல்புநிலை ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) வைத்திருந்தால் யுமாஸ்கே கணக்கில் வராது, 'கெட்எஃப்ஏசிஎல்' போட்டுப் பாருங்கள்.

வெற்றி என்கிறது, டைரக்டரியைக் காணவில்லை

எம்கேடிர் 0 தந்திருந்தால் டைரக்டரி எங்கோ உருவாகியிருக்கிறது. சர்வீஸ் '/டெம்ப்' இல் உருவாக்கியதை உங்களால் பார்க்க முடியவில்லையென்றால் யூனிட் ஃபைலில் 'பிரைவேட்டெம்ப்' இருக்கும். அந்தச் சர்வீஸுக்கு மட்டும் தனி '/டெம்ப்'. உருவாக்கிய பின் அதே இடத்தின் மேல் வேறு வட்டு மவுன்ட் ஆகியிருந்தால் பழையது அடியில் மறைந்திருக்கும். என்எஃப்எஸ் என்றால் வேறு கணினியில் தெரியக் கொஞ்சம் தாமதமாகலாம், டைரக்டரி விவரங்களுக்கான கேஷ் வழக்கமாக 30 முதல் 60 நொடி.

பட்டியலில் தெரிகிறது, ஆனால் பெயரைக் கொடுத்து உள்ளே போனால் இல்லை என்கிறது என்றால் பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டியிருக்கிறது. விண்டோஸில் சேமித்த கான்ஃபிக் ஃபைலை லினக்ஸில் வரி வரியாகப் படித்தால், வரி முடிவில் உள்ள கேரேஜ் ரிட்டர்ன் பெயரோடு சேர்ந்துவிடும், கெர்னல் அதையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். 'எல்எஸ் -பி' (இங்கே -b, -p அல்ல) அதை வெளிச்சம் போட்டுக் காட்டும்.

மின்சாரம் போய் வந்ததும் டைரக்டரி மாயமாகிவிட்டது என்றால், 0 திரும்பியது நினைவகத்தில் பதிந்ததற்கான சாட்சி மட்டுமே. வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய, மேல் டைரக்டரியைத் திறந்து அதன் மீது எஃப்சிங்க் கூப்பிட வேண்டும். புதிய டைரக்டரியின் பெயர் எழுதப்படுவது மேல் டைரக்டரிக்குள்தான் என்பதை நினைவில் வைத்தால் இது ஏன் என்று புரியும்.

விண்டோஸில் மட்டும்

லினக்ஸுக்கு எழுதிய சி நிரல், விண்டோஸுக்கான சி கம்பைலரான மின்ஜிடபிள்யூவில் கம்பைல் ஆகாமல், எம்கேடிருக்கு மதிப்புகள் அதிகம் என்று சொன்னால், அங்கே உள்ள வடிவம் பாதையை மட்டுமே வாங்கும். இயங்குதளத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள். விண்டோஸின் சொந்தக் காலான கிரியேட்டைரக்டரி தோற்றால் எர்நோவைப் பார்க்கக் கூடாது, கெட்லாஸ்ட்எரர் தரும் எண்ணைப் பாருங்கள்: 3 என்றால் நடுப்பாதை இல்லை, 5 அனுமதி இல்லை, 183 ஏற்கெனவே இருக்கிறது. பாதை நீளத்துக்கு வழக்கமான வரம்பு 260; டைரக்டரிக்கு அது 248 ஆகக் குறையும், உள்ளே பழைய பாணியில் 12 எழுத்துப் பெயர் ஒன்று வைக்க இடம் விட வேண்டும் என்பதால். கான், ஆக்ஸ், நல், காம்1 போன்ற சாதனப் பெயர்களை டைரக்டரிக்கு வைக்க முடியாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் சத்தமில்லாமல் நீக்கப்படும், அதனால் பயனர் கொடுத்த பெயரில் உருவாக்கிவிட்டு அதே பெயரைப் பட்டியலில் ஒப்பிட்டுத் தேடும் நிரலுக்கு அது கிடைக்காது. உருவாக்கும் முன்பே அவற்றை நீங்களே நீக்கிவிட்டு, நீக்கிய பெயரைச் சேமித்துக்கொள்ளுங்கள்.